வரும் ஆண்டும் நம் நடையும்

‘நடை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. காலால் செல்வதும் நடை. உரை எழுதும் பாங்கும் நடை. ஒருவரது ஒழுக்கமும் நடை. கோயிலில் திருமுன் திறக்கப்பெறுவதையும் ‘நடை திறந்தது’ என்கிறோம். மாணவர் மன்ற இதழ்களில் பின்னைய மூன்றைப் பற்றியும் கட்டுரைகள் வருவதுண்டு. முதல் நடையைப் பற்றி எழுதுவார் அரியர். காலால் நடப்பதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று எண்ணுகிறார்கள் போலும். எழுதுவதற்கு நிரம்ப இருக்கிறது. அதிலும், வரும் ஆண்டில் எங்கு, எப்பொழுது, எவ்வளவு தொலைவு நடப்பது, அதற்கு விடுமுறைகளை எவ்வாறு பங்கிடுவது என்பதை முன்கூட்டியே வரையறுப்பது ஒரு பாடமாகவே கொள்ளத்தக்கது.

நம் பழந்தமிழ்ப் புலவர்க்கு இது புதிதன்று. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே வழி சொல்வதற்கு எழுந்ததுதான். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்தைப் பரிசில் பெறச் சென்ற கூத்தரின் கதையாக மட்டும் நாம் தேர்வுக்குப் படிக்கிறோம். ஒரு மலைப்பயணி அதைப் படித்தால் வேறொன்று காண்பார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது, பாறை எங்கே வழுக்கும், இரவு எந்தச் சிற்றூரில் தங்கினால் என்ன உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் முறையாகச் சொல்லப்பட்டுள்ளன. சிலப்பதிகாரத்திலும் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் இடரையும் நயத்தையும் கோவலனுக்குக் கூறுகிறான். வழியைத் தேர்ந்துகொண்ட பிறகே காலை எடுத்து வைத்தார்கள் அக்காலத்தவர்.

இனி, ‘வரும் ஆண்டு’ என்றால் எந்த ஆண்டு? திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மாணவர்க்கு இது எளிய வினா அன்று. சனவரியில் ஓர் ஆண்டு பிறக்கிறது. சித்திரையில் ஒன்று, அன்றையொட்டியே மலையாளிகள் விஷு கொண்டாடுகிறார்கள். சிங்க மாதத்தில் கொல்லம் ஆண்டு பிறக்கிறது. நம் கல்லூரி ஆண்டோ சூனிலோ சூலையிலோ மழையோடு மழையாகத் தொடங்குகிறது. கி.பி. 825-இல் தொடங்கிய கொல்லம் ஆண்டு நமக்கு அயலானது என்று நினைக்க வேண்டா. நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுக்களில் அதுவே காணப்படும். மாதங்களும் ஒன்றே, பெயர்தான் வேறு. சிங்கம் நம் ஆவணி; கன்னி நம் புரட்டாசி; துலாம் நம் ஐப்பசி. இராசியின் பெயரால் அவர்கள் வழங்குவதை நாம் நாண்மீனின் பெயரால் வழங்குகிறோம். ஆனால் ஒரு வியப்பு: இந்நகரின் நடுவே உள்ள பத்மநாபசுவாமி கோயிலின் இரு பெருவிழாக்களுக்கும் ‘அல்பசி’, ‘பைங்குனி’ என்றே பெயர். ஐப்பசியும் பங்குனியும் அங்கே அப்படியே நிற்கின்றன!

நான் கல்லூரி ஆண்டையே கொள்கிறேன். மழையில் தொடங்கி வெயிலில் முடிவதால், நடைக்கு அது பொருத்தமான ஆண்டு. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். அக்டோபர், நவம்பரில் மலையாளிகள் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காய்ந்த, ஓரளவு குளிர்ந்த நாட்கள். மார்ச்சுக்குப் பின் வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்து ஆளை வாட்டும். ஆகவே நெடுநடைக்கு உரிய காலம் மூன்றே திங்கள். அம்மூன்று திங்களுக்காக ஏனைய திங்களில் காலைப் பழக்குவதே என் திட்டத்தின் உள்ளீடு.

திட்டத்தைப் பின்னிருந்து முன்னாக வகுப்பது நல்லது. இறுதியில் எட்ட வேண்டிய மலையை முதலில் எழுதுங்கள். என் ஏட்டில் எழுதியிருப்பது அகத்தியர்கூடம்.

அது நம் பொதிகை. 1868 மீட்டர் உயரம். தமிழுக்கு இலக்கணம் தந்த முனிவர் உறைவதாக மரபு சொல்லும் மலை. தாமிரவருணி அதன் கிழக்குச் சரிவில் பிறக்கிறது. நெய்யாறு மேற்குச் சரிவில் பிறக்கிறது. நம் விடுதிக் குழாயில் வரும் நீருக்கு மூலமான கரமனையாறும் அம்மலைத்தொடரிலேயே பிறந்து அருவிக்கரை வழியாக நகருக்கு வருகிறது. திருநெல்வேலியில் பிறந்த மாணவர் அங்கே குடித்ததும் இங்கே குடிப்பதும் ஒரே மலையின் நீர் என்பதை எண்ணிப் பார்த்தது உண்டா? 2001-இல் அப்பகுதி உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஏறுவது நினைத்த நாளில் முடியாது. கேரள வனத்துறை சனவரியின் நடுவிலோ பிற்பகுதியிலோ தொடங்கிப் பிப்ரவரி இறுதியை ஒட்டி முடியும் சில வாரங்களுக்கே பொதுவாக அனுமதி தருகிறது. நாள் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. இணையவழிப் பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே சீட்டுக்கள் தீர்ந்துவிடும். உடற்றகுதிக்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். போணக்காட்டிலிருந்து நடை தொடங்கும். முதல் நாள் காட்டு வழியே அதிருமலை முகாம். இரண்டாம் நாள் உச்சிக்கு ஏறி மீண்டும் அதிருமலை. மூன்றாம் நாள் இறக்கம். போக மட்டும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆக மூன்று நாள் விடுப்பு வேண்டும். வருகைப் பதிவேட்டில் அந்த மூன்று நாளை இழக்கக் கூடியவராக இருக்க வேண்டுமானால், சூன் முதற்கொண்டே வகுப்புக்குத் தவறாது வந்திருக்க வேண்டும். நடைத் திட்டம் வகுப்பறையில் தொடங்குகிறது என்று நான் நண்பர்களிடம் சொல்வது இதனால்தான்.

மாணவியர்க்கு ஒரு சொல். நெடுங்காலம் இம்மலை ஏறப் பெண்களுக்கு இசைவு இல்லை. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் அத்தடை கூடாது என்றது. 2019 சனவரியில் தன்யா சனல் முதற்பெண்ணாக உச்சியை அடைந்தார். வழக்காடிப் பெற்ற உரிமை இது. நம் துறையில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. ஆனால் மலைக்கு வருகிறேன் என்று என்னிடம் பெயர் தந்த ஐவருள் ஒருத்திதான் பெண். அவளும், ‘அண்ணா, பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டு உடனே மலைக்குப் போகிறேன் என்றால் அம்மா ஒத்துக்கொள்வாளா?’ என்று கேட்டாள். ஒத்துக்கொள்ள வைப்பதற்குத்தான் ஆறு மாதம் முன்னரே சொல்ல வேண்டும் என்றேன். வீட்டார்க்கு மலையைவிடத் திடீர்ச் செய்திதான் அச்சம் தருவது.

இம்மலையோடு பிணைந்த இரு செய்திகளைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் நிறுவிய வானாய்வு நிலையம் பாளையத்துக்கு அருகே குன்றின்மேல் இருக்கிறது. 1852-இல் அதன் தலைமை ஏற்க வந்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர். நிலத்தின் காந்த விசை நாள்தோறும் மாறுவதை அளப்பது அவர் ஆய்வு. கீழே நகரில் எடுத்த அளவையும் வானுயர்ந்த இடத்தில் எடுத்த அளவையும் ஒப்பிட விரும்பி, அகத்தியர்கூடத்து உச்சியிலேயே ஓர் ஆய்வு நிலையம் கட்டினார். சாலை இல்லாத அந்த 1850-களில், யானைக் காட்டினூடே நுண்கருவிகளை ஆட்கள் சுமந்து சென்றனர். இந்நகரில் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று முனைந்து நின்றவரும் அவரே. இன்று நாம் காலையில் சுற்றி நடக்கும் மியூசியம் தோட்டம் அம்முயற்சியில் கிளைத்தது. இப்பொழுதுள்ள நேப்பியர் அருங்காட்சியகக் கட்டடம் 1880-இல் முடிந்தது. குன்று, தோட்டம், மலை என மூன்று நடைகளை ஒரே மனிதர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார். எளிதில் தொடங்கி அரிதில் முடியும் வரிசையிலே அவை அமைந்திருப்பதுதான் அழகு.

மற்றொன்று 1987-இல் நிகழ்ந்தது. புஷ்பாங்கதன் என்ற தாவர அறிஞரின் குழுவினர் காணிக்காரரை வழிகாட்டிகளாகக் கொண்டு அகத்திய மலைக்காட்டில் நடந்தனர். அறிஞர்கள் களைத்துத் தள்ளாடினர். காணிகளோ சோர்வின்றி நடந்தனர். அவர்கள் வழியில் ஏதோ சிறு காய்களை மென்றுகொண்டே வந்ததை அறிஞர்கள் கண்டு வினவினர். முதலில் சொல்லத் தயங்கிய காணிகள் பின்னர் அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப் பச்சை. பாலோட்டுத் தாவர ஆய்வகத்தார் அதனின்று ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கினர். உரிமத் தொகையிலும் ஆதாயப் பங்கிலும் பாதி காணிக்காரர்க்கு என்று முடிவு செய்யப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு தந்த முன்மாதிரிகளுள் ஒன்றாக உலகம் இதனை இன்றும் பேசுகிறது. களைப்பைக் கண்டு பிறந்த ஆராய்ச்சி! நடந்திராவிட்டால் களைத்திரார், களைத்திராவிட்டால் கேட்டிரார்.

அன்றாட நடைக்கு வருவோம். ‘ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி’ என்பதை மந்திரம்போல் பலர் உருப்போடுகின்றனர். கைப்பேசியும் அதைச் சொல்லி அச்சுறுத்துகிறது. அவ்வெண் மருத்துவர் கண்டுபிடித்தது அன்று. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டாகிய 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவியின் பெயர் ‘மன்போ-கெய்’; பத்தாயிரம் அடி அளவி என்பது அதன் பொருள். வணிகப் பெயர் உலகக் கட்டளை ஆகிவிட்டது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சராசரி எழுபத்திரண்டு வயதுடைய பெண்கள் ஏறத்தாழ பதினேழாயிரம் பேரைக் கண்காணித்தது. நாளுக்கு 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோர்க்கே இறப்பு விகிதம் குறைவு. 7,500 அடி அளவில் அந்நன்மை ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டது. இளையோர்க்கு இந்த அளவு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. பத்தாயிரம் ஆகவில்லையே என்று படுத்துக்கொள்வது மடமை என்று மட்டும் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்குக் கூறும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. நாளைக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் விரைநடை போதும்.

கிழக்கேகோட்டையிலிருந்து எம்.ஜி. சாலை வழியே மியூசியம் வரை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். நம்மில் பெரும்பாலோர் அதற்குப் பேருந்து ஏறுகிறோம். ஒரு வழியை மட்டும் காலுக்குக் கொடுத்தால் அன்றைய கடன் தீர்ந்தது. காரியவட்டத்தில் இருப்போர்க்கு வளாகத்தின் உட்பாதைகளே போதும்.

இதைப் பொழுதுபோக்கு என்று நான் கருதாமைக்குக் காரணம் உண்டு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், கேரளத்தில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 25.5 பேர்க்கு நீரிழிவு என்று கண்டனர். நால்வரில் ஒருவர்! என் தந்தையார் நாகர்கோவிலில் முப்பது ஆண்டு கடையில் அமர்ந்திருந்தவர். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழுவார். சர்க்கரை நோய் கண்டபின், ‘நடங்கள்’ என்றார் மருத்துவர். அதற்குள் வலக்காலில் ஆறாத புண். இரண்டு விரல்களை எடுத்தார்கள். இப்பொழுது தெருமுனைவரை கோலூன்றிச் சென்று திரும்புகிறார்; அதற்கு நாற்பது நிமிடம் ஆகிறது. ஆராய்ச்சி மாணவனாகிய நானும் நாளெல்லாம் நூலகத்து நாற்காலியில் அமர்பவன்தான். அவருடைய நாற்காலிக்கும் என் நாற்காலிக்கும் வேறுபாடு ஒன்றும் இல்லை.

விடுமுறைப் பங்கீட்டில் மூன்று பகுதி வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்கு உரியது, படிப்புக்கு உரியது, காலுக்கு உரியது. ஓணமும் கிறித்துமசும் ஏறத்தாழப் பத்து நாள் வீதம் வரும் நீள்விடுமுறைகள். ஓணத்தை வீட்டுக்கே கொடுத்துவிடலாம். அப்பொழுது மழையும் முற்றாக விட்டிராது. கிறித்துமஸ் விடுமுறையைப் பாதியாகப் பிரித்து, பிற்பாதியில் அடுத்தடுத்து இரு நாள் பதினைந்து, இருபது கிலோமீட்டர் நடந்து பார்க்க வேண்டும். முதல் நாள் நடையை எவரும் முடிப்பர். இரண்டாம் நாட்காலை எழுந்து காலணி மாட்டுவதுதான் சோதனை. பொன்முடிச் சாலையின் 22 கொண்டையூசி வளைவுகள் ஏற்றத்துக்கு நல்ல பயிற்சி. விடியலில் தொடங்கி, ஊர்திகள் பெருகுமுன் முடித்துவிட வேண்டும்.

நேரக் கணக்குக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காத்லாந்து மலையேறி ஒரு சூத்திரம் தந்தார். சமநிலத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி கூட்டு. பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏறுவதானால் ஏறத்தாழ மூன்றரை மணி. அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் மலையின் புழுக்கத்துக்கும் அட்டைக்கும் பாதியளவு மேலும் கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

புரட்டாசியில் நம்மவர் விடக்கூடாத நடை ஒன்று உண்டு. பத்மநாபபுரத்திலிருந்து கலைமகள் திருவுருவமும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் எழுந்தருளும் ஊர்வலம். கலைமகள் கம்பர் வழிபட்ட தெய்வம் என்பது வழக்கு. தலைநகர் பத்மநாபபுரத்தைவிட்டு இங்கு மாறியபின் விழாவும் இங்கு வந்தது. ஆனால் தெய்வங்கள் ஆண்டுதோறும் பழைய வீட்டிலிருந்து நடந்தே வருகின்றன. முதல் இரவு குழித்துறை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கரமனை வழியாகக் கோட்டை. ஏறத்தாழ 55 கிலோமீட்டர். 1956 நவம்பர் முதல் நாள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நிலம் இரண்டாயிற்று; நடை ஒன்றாகவே நின்றது. களியக்காவிளை எல்லையில் தமிழகத்தார் வழியனுப்பக் கேரளத்தார் எதிர்கொள்வர். இதில் ஒரு சிக்கல்: ஊர்வலம் நவராத்திரி தொடங்குமுன்னரே வருவதால், அது பூசை விடுமுறையில் விழாது; வகுப்பு நாளில் விழும். விசயதசமிக்குப் பின் திரும்பிச் செல்லும் ஊர்வலத்துக்கும் மூன்று நாள். இரண்டில் எது சனி, ஞாயிற்றோடு ஒட்டுகிறது என்று நாள்காட்டியில் பார்த்து அந்த ஒரு நாளை மட்டும் கொள்வது அறிவுடைமை.

ஐப்பசியில் ஆறாட்டு. பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து சங்குமுகம் கடற்கரை வரை மாலை ஊர்வலம். இடையில் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கிடுகிறது. அதற்காக விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்படுகின்றன. ஓடுபாதைக்குள் சீட்டுப் பெற்றவர்க்கே இடம். அதுவரை கூட நடப்பதற்கும், பிறகு சுற்றி வந்து கடற்கரையில் காத்திருப்பதற்கும் தடையில்லை. பங்குனியிலும் இதுவே நிகழும்.

மாசியில் இரண்டு வரும். ஒன்று ஆற்றுக்கால் பொங்கல். மதுரையை எரித்தபின் கண்ணகி கொடுங்கல்லூருக்குச் செல்லும் வழியில் இங்குத் தங்கினாள் என்பது கோயில் வரலாறு. அன்று நகர்ச்சாலைகள் முழுவதும் பெண்களின் அடுப்புக்கள். நடைத் திட்டம் எதையும் அந்நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். மற்றொன்று சிவராத்திரியன்று பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் நிகழும் சிவாலய ஓட்டம். முன்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் பன்னிரு சிவன் கோயில்கள். ஏறத்தாழ 110 கிலோமீட்டர். காவியுடுத்து, கையில் விசிறியுடன், ‘கோவிந்தா, கோபாலா’ என்று சொல்லிக்கொண்டே சிவன் கோயிலுக்கு ஓடுவார்கள்! அகத்தியர்கூடத்துக்குச் சென்ற ஆண்டிலேயே இதையும் ஓடுவேன் என்று முனைவது மிகை. பருவத்தேர்வும் அதையொட்டி வருகிறது. ஓராண்டுக்கு ஒரு பெருநடை போதும். சிவாலயத்தை நான் அடுத்த ஆண்டின் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் நடைக்குப் பேரூர்க்கடையைத் தேர்ந்துள்ளோம். இங்கே கல்லூரிப் பேராசிரியராயிருந்து 1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்ட சுந்தரம் பிள்ளை, தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் ஹார்விபுரம் என்று அழைத்த இல்லத்தில் அங்குதான் வாழ்ந்தார். பாளையத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பல்கலைக்கழக நூலக வாயிலில் கூடுகிறோம். மழை பெய்தாலும் புறப்படுவோம்; குடை கொண்டு வருக. தோல் செருப்பு வேண்டா, ஊறிப்போகும்.